ஆமையும் அமீனாவும் ஒரு பி.காம். மாணவனும்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஒருவன், ராத்திரி பதினோரு மணிக்கு ஆமையைத் தேடி நீலாங்கரைக்குப் போகிறேன் என்றால் விடுவார்களா? "காலேஜ்ல ப்ராஜெக்ட்" என்று பொய் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். (அம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன் :-))

என் ஊர் ஒரகடம். கார் கம்பெனி, கன்டெய்னர் லாரி, ஷிஃப்ட் பஸ். எங்களுக்குக் கடல் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம். கடல் உயிரினம் என்றால் கையில் காசிருந்தால் வஞ்சிரம், மாசக் கடைசியில் மத்தி. அவ்வளவுதான். சின்ன வயதில் மீன் காட்சியகம் பார்க்க வேண்டும் என்று அழுதிருக்கிறேன். மெட்ராஸ் மெரினாவில் 1909-லேயே ஒன்று திறந்தார்களாம், அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இப்போது இருக்கிற இடத்துக்கு நாலு பேருக்கு டிக்கெட் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

அதனால், "டிக்கெட்டே இல்லாம கடல் பிராணியைப் பார்க்கலாம், நடக்க மட்டும் தெரிஞ்சா போதும்" என்று வகுப்புத் தோழன் சொன்னதும் உடனே சரி என்றேன்.

அவன் சொன்னது ஆமை நடை. சென்னையில் இது ஐம்பது வருஷக் கதை. 1970-களில் பாம்புப் பண்ணை ஆரம்பித்த ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் கடற்கரையில் ராத்திரி நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்ற ஆரம்பித்தார்கள். 1988-ல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சுருக்கமாக எஸ்.எஸ்.டி.சி.என். சீசனில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர், வெறுங்காலோடு, ராத்திரி முழுக்க நடக்கிறார்கள். சம்பளம் கிடையாது. மறுநாள் காலை வகுப்பில் தூக்கம் மட்டும் இலவசம்.

வருகிற ஆமைக்கு ஆலிவ் ரிட்லி என்று பெயர். நம் ஆட்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, சில வருஷம் அதைத் தாண்டியும், தாயாமைகள் கரையேறும். மணலில் பின்துடுப்பால் குடம் மாதிரி ஒரு குழி தோண்டி, நூறு முட்டை போல இட்டு, மூடி, உடம்பால் தட்டித் தட்டிச் சமன் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். முட்டை பிங்பாங் பந்து மாதிரி இருக்கும். ஆனால் ஓடு மெத்தென்று இருக்கும். சுமார் 45 முதல் 50 நாளில் குஞ்சு வரும். ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது மணலின் சூடு. சூடு அதிகமானால் பெண்.

குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடும். ஒரு காலத்தில் ராத்திரியில் கடல்தான் வெளிச்சமான பக்கம். இன்றைக்கு தெருவிளக்கும் ஹோட்டல் போர்டும்தான் வெளிச்சம். ரோட்டுக்கு ஓடி நசுங்கும், இல்லாவிட்டால் நாய்க்கு இரை. அதனால்தான் முட்டைகளை எடுத்துக் கொண்டுபோய், வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்துக் காவல் காக்கிறார்கள்.

முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா மூன்றே மூன்று விதி சொன்னார். பேசாதே, முன்னால் ஓடாதே, லைட் அடிக்காதே.

மூன்றாவதை நான் மீறினேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

நான் போன நாலாவது ராத்திரி. கூட்டத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி நடந்துகொண்டிருந்தேன். அலை முடிகிற இடத்தில் கறுப்பாக ஒரு கல். கல் நகர்ந்தது. உயிரோடு ஒரு ஆமையை அதுவரை நான் பார்த்ததே இல்லை. கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. ஒரே ஒரு போட்டோ... ஃப்ளாஷ் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

பளிச்.

ஆமை நின்றது. தலையைத் தூக்கியது. அப்படியே அரைவட்டம் அடித்துத் திரும்பி அலைக்குள் போய்விட்டது. கரையேறும்போது வெளிச்சமோ அசைவோ தெரிந்தால் தாயாமை முட்டையிடாமல் திரும்பிவிடும் என்று அக்கா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போட்டோவில் வெறும் மணலும் ஒரு வெள்ளைப் பொட்டும்.

அக்கா திட்டவில்லை. "வேற இடத்துல ஏறும். ஏறணும்னு வேண்டிக்கோ" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அது 2025 ஜனவரி. அந்த மாதம் செய்தி பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டுக் கரைகளில் செத்த ஆமைகள் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. ஆயிரத்துக்கும் மேல். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. உயிரோடு ஒன்றுதான் பார்த்தேன், அதையும் துரத்திவிட்டேன். செத்தது மட்டும் ஒரே ராத்திரியில் ஐந்து பார்த்தேன். கண் பிதுங்கி, கழுத்து உப்பி... டேப் வைத்து அளந்து நோட்டில் குறிக்கிற வேலை எனக்கு.

கடலில் வாழும் ஆமை எப்படி மூழ்கிச் சாகும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல். மேலே வந்து மூச்சு விட்டே ஆக வேண்டும். விசைப்படகின் இழுவை வலைக்குள் மாட்டினால் மேலே வர முடியாது. ஆமை மட்டும் வெளியேற வலையில் வழி வைக்கும் கருவி இருக்கிறது. வைத்தால் மீனும் கொஞ்சம் போய்விடும் என்று பலர் வைப்பதில்லை. சீசனில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை வலை போடக் கூடாது என்று தடையும் இருக்கிறது. டீசல் விலை, கடன், மீன் குறைந்துவிட்ட கடல் என்று அவர்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. மத்தி என்ன விலை என்று பேரம் பேசுகிற நானும் அந்தக் கணக்கில் ஒரு வரி.

கணக்கு என்றதும் என் பாடம் ஞாபகம் வருகிறது. ஆயிரம் குஞ்சு கடலுக்குள் போனால் ஒன்று பெரியதாக வளரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டை. அத்தனையும் பொரிந்தால்கூட, செத்துப்போன ஒரு தாயாமையை ஈடுகட்டப் பத்துக் கூடு வேண்டும். வளர்ந்து முட்டையிட பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். ஆயிரம் ஆமைக்குப் பத்தாயிரம் கூடு. நாங்கள் விடிய விடிய நடந்தாலும் அந்தக் கரையில் ஒரு சீசனுக்குச் சில நூறு கூடுதான்.

எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன். கம்பெனியில் மெஷின் எரிந்துபோய்விட்டது. ஆனால் "இந்த மாசம் நட்டு போல்ட்டு நிறைய பத்திரப்படுத்தினோம் சார்" என்று ரிப்போர்ட் கொடுத்தால் மேனேஜர் என்ன சொல்வார்? முட்டை வருமானம். தாயாமை மூலதனம். மூலதனம் போனதை மாச வருமானத்தில் எழுதி மறைக்கக் கூடாது என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். குஞ்சு விடுகிற போட்டோவுக்கு எல்லோரும் வருகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன். ஆனால் குஞ்சு விட்டதால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய பொய்க் கணக்கு.

அப்படியானால் நடப்பது வீணா? இல்லை. ராத்திரி யாராவது நடந்தால்தான் எத்தனை செத்தது என்றே தெரிகிறது. எண்ணிக்கை இல்லாமல் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. அக்கா என் கையில் நோட்டைக் கொடுத்ததற்கு அர்த்தம் எனக்கு இரண்டு மாசம் கழித்துத்தான் புரிந்தது.

பரீட்சை முடிந்ததும் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி மொட்டை மாடியில் ஒரு வகுப்பு எடுத்தேன். கடலே இல்லாத ஊரில் கடல் பாடம்! வாளியில் மணல், பிங்பாங் பந்து பன்னிரண்டு, அவ்வளவுதான் செட்டப். பக்கத்து லைன் வீட்டில் ஒடிசாக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அப்பா கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பையனுக்குப் பத்து வயசு இருக்கும், எதிலும் பேசாமல் ஓரமாகவே உட்கார்ந்திருப்பான். நான் பந்தைக் குழியில் போட்டதும், "கைஞ்சா!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டான். ஆமைக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பேர். அவன் ஊர் கஞ்சம் மாவட்டம், ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கம். அங்கே இதே ஆமை லட்சக்கணக்கில் ஒன்றாகக் கரையேறும். ஒடிசாவில் அடையாளம் போட்டு விட்ட ஆமைகள் தமிழ்நாடு, இலங்கைக் கடல் வரை வந்தது பதிவாகியிருக்கிறது. ஆக, அவன் ஊர் ஆமைதான் நம் கரைக்கும் வருகிறது.

அதற்குப் பிறகு வகுப்பை அவன்தான் எடுத்தான். பாதித் தமிழ், பாதி ஜாடை. நடந்து காட்டினான், குழி தோண்டிக் காட்டினான். கடைசியில் என்னைப் பார்த்து, "அண்ணா, லைட் அடிக்கக் கூடாது. தாத்தா சொல்லியிருக்காரு. அம்மா ஆமை பயந்து போயிடும்" என்றான்.

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். போட்டோக் கதையைச் சொல்லாமல் வகுப்பை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்த வருஷம் என்னையும் கூட்டிட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்" என்றான். என்னைப் பார்த்துக்கொள்கிறானா, ஆமையையா என்று நான் கேட்கவில்லை :-)

பி.கு: சீசனில் வர விருப்பமுள்ள வகுப்புத் தோழர்கள் சொல்லுங்கள். தாம்பரம் வரை சேர்ந்து போகலாம். மொபைல் பைக்குள் இருக்கட்டும். ஆயாவிடம் மட்டும் யாரும் மூச்சு விடாதீர்கள்.