கிண்ணியாவின் டெங்கும் கூட்டுப் பயிற்சியும்

2017ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் டெங்குக் காய்ச்சல் பெருகியபோது, குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையைக் கவனிக்கும் மருத்துவர், இரவெல்லாம் நோயாளியின் நீரளவைக் கணக்கிடும் தாதியர், நுளம்பு பெருகும் கிணறுகளையும் தொட்டிகளையும் தேடிச்செல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்பதை அறிந்த குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோருள் எவராலும் தனித்து அந்நோயை அடக்க இயலாது என்பது தெளிவாயிற்று. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, அதாவது வரையறுத்த ஒரு பிரதேசத்தின் நோய்த்தடுப்புப் பணியை ஒரே அதிகாரியின் கீழ்க் குழுவாகச் செய்யும் அமைப்பு, களத்தில் இவர்களை இணைத்திருப்பினும், பயிற்சிக் காலத்தில் இவர்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே கற்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வலியுறுத்திய தொழிலிடைக் கல்வி, அதாவது பல துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றியும் ஒருவரிடமிருந்தும் ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும் கற்பது, இக்குறையை நோக்கியதே. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் தாதியமும் மட்டக்களப்பிலும், சித்த மருத்துவம் திருகோணமலை வளாகத்திலும் கற்பிக்கப்படுவதால் (சித்த மாணவரைக் குழுவில் சேர்க்கத் தயங்குவோர் உண்டு; நோயாளிகளோ இரு மருத்துவ முறைகளின் வாயில்களையும் தட்டுகின்றனர்) அம்மாணவர்கள் சந்திக்கும் பொதுக் களம் தேவைப்படுகிறது. கிண்ணியாவிலும் அதே மாவட்டத்து மூதூரிலும் உள்ள கிளினிக்குகளே அதற்கு ஏற்றவை. ஒருநாள் சுற்றுலாவாக அமையும் களப்பயணம் அதற்கு ஈடாகாது.