பெட்டிக்குள் கிடந்த அமானிதம்

பழைய றேடியோ, பழைய கடிகாரம், பழைய நாணயம் என்று சேர்ப்பவர்களை ஊர் ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்கிறது. பழைய கணனிகளைச் சேர்த்துத் திருத்துகிறவனை மட்டும் யாரும் விளங்கிக்கொள்வதில்லை. "இதை வைச்சு என்ன செய்யப் போறீங்க?" என்பதுதான் வீட்டுக்கு வருகிற எல்லோருடைய முதற் கேள்வி. பழைய இரும்புக்காரனிடம் கிலோக் கணக்கில் போகவேண்டிய சாமான்களைக் காசு கொடுத்து வாங்கி வருகிறேன் என்பது வீட்டில் என்மீதுள்ள நீண்டகால வழக்கு. அந்த வழக்கில் நான் இதுவரை வாய் திறந்ததில்லை.

என் கைக்கு வருபவை பெரும்பாலும் தொண்ணூறுகளின் 386, 486 வகைக் கணனிகள். ஒரு காலத்தில் அச்சகங்களிலும் காரியாலயங்களிலும் தூசி படாமல் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தவை. இவற்றைக் கொல்வது மின்னலோ எலியோ மட்டுமல்ல. இவற்றுக்கு உள்ளேயே ஒரு எதிரி இருக்கிறது. கணனி அணைந்திருக்கும்போதும் நேரத்தை நினைவில் வைத்திருப்பதற்காக, தாய்ப்பலகையில் ஒரு சிறிய நிக்கல்-கட்மியம் பற்றரி பற்றவைக்கப்பட்டிருக்கும். வருடங்கள் போக அது கசியும். கசிகிற காரம் மெல்லிய செப்புத் தடங்களைப் பச்சையும் நீலமுமாக அரித்துத் தின்றுவிடும்.

வைத்தியம் எளிமையானதுதான், பொறுமை வேண்டும். முதலில் பற்றரியை வெட்டி எடுக்கவேண்டும். காரத்தை முறிக்க வினாகிரியைத் தூரிகையால் தடவி, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, அற்ககோலால் துடைத்துக் காயவைக்கவேண்டும். பிறகு மீற்றரை எடுத்து ஒவ்வொரு தடமாகப் பரிசோதித்து, அறுந்த இடங்களை மயிர் போன்ற கம்பியால் இணைத்து ஈயம் வைக்கவேண்டும். உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு உட்கார்ந்தால் மஃரிப் பாங்கு கேட்கும்வரை இரண்டு தடங்கள்தான் முடிந்திருக்கும். வெளிப்பெட்டியின் மஞ்சள் நிறத்தை ஐதரசன் பேரொட்சைட்டு பூசி வெயிலில் வைத்து வெளுக்கலாம். நான் அதைச் செய்வதில்லை. வயது தெரிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இது நமக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரப் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்கிறார்கள். 1983ஆம், 1984ஆம் ஆண்டுகளில், '2010' திரைப்படத்துக்காக ஆர்தர் சி. கிளார்க் கொழும்பிலிருந்துகொண்டு லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்த இயக்குநர் பீற்றர் ஹையம்ஸுடன் கேப்ரோ 2 என்ற கணனியின் மூலம் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 64 கிலோபைட் நினைவகமும் பச்சை எழுத்துத் திரையும் கொண்ட, பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட உலோகப் பெட்டி அது. தொலைபேசி இணைப்பு வழியாகப் போய்வந்த அந்த மடல்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. ஆக, இந்தத் தீவில் ஓர் எழுத்தாளனின் மேசைக்குக் கணனி வந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது.

நம்மவர்களின் மேசைக்கு அது சற்றுப் பிந்தி, அச்சகத்தின் வழியாக வந்தது. ஈய எழுத்துக் கோத்த இடத்தில் பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் வந்து உட்கார்ந்தன. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் நம் சிற்றிதழ்களும் கவிதைத் தொகுதிகளும் இப்படித்தான் உருவாகின. அச்சடித்த பிரதி கறையானுக்குப் போனால், மிஞ்சியிருப்பது எங்கோ ஓர் அலுமாரியில் கிடக்கும் பிளொப்பி மட்டுமே.

அப்படி 16 பிளொப்பிகளோடு சில வருடங்களுக்கு முன்னர் புத்தளத்திலிருந்து ஒரு சகோதரி வந்தார். "வாப்பாட கதையெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு நானா. இதைப் போடுற கொம்பியூட்டர் ஒரு கடையிலயும் இல்லையாம்" என்றார். அவருடைய வாப்பா வடக்கிலிருந்து வந்தவர். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அதுவரை எழுதிய கையெழுத்துப் பிரதிகள் அவ்வளவும் வீட்டோடு போய்விட்டன. ஞாபகத்திலிருந்தும் புதிதாகவும் பின்னர் எழுதியவற்றை, தான் வேலை பார்த்த காரியாலயத்தின் கணனியில் தட்டி வைத்திருந்தார். மௌத்தாகும்வரை ஒரு தொகுதியும் போடவில்லை. ஒருமுறை தொலைந்துபோன மனிதரின் எழுத்து இரண்டாவது முறையும் தொலைந்துவிடுமோ என்பதுதான் அந்தச் சகோதரியின் பயம். வாங்கி வைத்தபோது எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

ஒரு பிளொப்பியில் 1.44 மெகாபைட், இன்றைய கைத்தொலைபேசிப் படம் ஒன்றுக்கே போதாது. ஆனால் ஒருவரின் முழுச் சிறுகதைத் தொகுதிக்கு அது தாராளம். நம் ஈரக் காற்றில் அதற்குப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தோடு கணனிக்குள் போட்டால் வாசிக்கும் முனையும் கெடும், தகடும் கீறுப்படும். ஆகவே முதலில் உலோக மூடியை விலக்கி, தகட்டை விரலால் மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். அழுக்கானவற்றின் கூட்டைப் பிரித்துத் தகட்டை எடுத்து, அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்து வேறு கூட்டுக்குள் இடவேண்டும். எதையும் திறந்து வாசிக்கும் முன்னர் முழுத் தகட்டையும் அப்படியே பிரதியெடுக்கவேண்டும். 11 நேராக வாசித்தன. 3 துடைத்த பிறகு வாசித்தன. 2 கடைசிவரை வாய் திறக்கவில்லை.

வாசித்தவையும் உடனே தமிழாகவில்லை. பாமினியில் உம்மா என்ற சொல், கணனியைப் பொறுத்தவரையில் சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு இருந்தால் உம்மா. இல்லாவிட்டால் அர்த்தமற்ற கிறுக்கல். 1991இல் வந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. ஆனால் வின்டோஸ் அதற்கு வழிவிட்டது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். பாமினியை ஒருங்குறிக்கு மாற்ற இன்று வழிகள் உண்டு. பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கத்தான் அந்தக் காலத்து மென்பொருளும், அது ஓடக்கூடிய அந்தக் காலத்துக் கணனியும் தேவை. "இதை வைச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று எல்லோரும் கேட்ட அந்த 486 அன்றைக்கு வேலை செய்தது.

கோப்புகளுக்கிடையில் கடிதங்களும் இருந்தன. பெயரைப் பார்த்ததும் திறக்காமலே ஒதுக்கி மகளிடம் கொடுத்தேன். ஒருவரின் கணனியைத் திறக்கிறவனுக்கு அவருடைய வீட்டுக்குள் நுழைகிறவனுக்குரிய ஒழுக்கம் வேண்டும். அமானிதம் என்பது பொருளை மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் இரகசியத்தையும் சேர்த்துக் காப்பது.

சிக்கல் ஒரு கதையில் வந்தது. 2002 யுத்த நிறுத்தத்துக்குப் பிறகு தன் ஊரைப் பார்க்கப் போகும் முதியவர் ஒருவரைப் பற்றியது. இரண்டு பிளொப்பிகளில் இரண்டு பிரதிகள். ஒன்றில் அவர் இடிந்த வீட்டின் கிணற்றில் நீர் அள்ளி ஒழுச் செய்கிறார். மற்றதில் பஸ்ஸை விட்டு இறங்காமலே திரும்பி வருகிறார். எது கடைசியாக எழுதியது? திகதியைப் பார்த்தால் இரண்டிலும் 1980 ஜனவரி 1. அந்தக் காரியாலயக் கணனியின் பற்றரி செத்துப்போயிருக்கிறது. நேரம் தெரியாத கணனி 1980இன் முதல் நாளிலிருந்தே எண்ணத் தொடங்கும். தாய்ப்பலகைகளைத் தின்கிற அதே பற்றரி, ஒரு கதையின் முடிவையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

இலக்கிய நண்பர்கள் முதலாவதுதான் சிறப்பு என்றார்கள். அதில் நம்பிக்கை இருக்கிறதாம். மகள் இரண்டையும் வாசித்தார். "வாப்பா ரெண்டு மாதிரியும்தான் கதைப்பார். ரெண்டையும் போடுங்க" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. இயந்திரத்தால் சொல்லமுடியாததை நாமாகத் தீர்மானிக்கும் உரிமை நமக்கில்லை என்றே எனக்கும் பட்டது.

இந்த ஏட்டை வாசிக்கிற பலருடைய வீடுகளிலும் அச்சகங்களிலும் இப்படிப் பிளொப்பிகள் கிடக்கும். நின்றுபோன சஞ்சிகைகள், வெளிவராத தொகுதிகள், கவியரங்கக் கவிதைகள், ஊர் வரலாறுகள். குப்பையில் போடாதீர்கள். அவசரப்பட்டு எதற்குள்ளும் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். மூலையிலுள்ள சிறு கறுப்புத் தடுப்பைத் துளை தெரியும்படி தள்ளிவிடுங்கள்; பிறகு எவராலும் அதன்மேல் எழுதி அழிக்கமுடியாது. ஈரம் படாத இடத்தில், யாருடையது என்று பெயரெழுதி வையுங்கள். காந்தம் பூசிய அந்தத் தகடு வருடா வருடம் பலவீனப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த இயந்திரங்களும் இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.