பக்கத்து வீட்டு அலுமினியம்

அல்சூரை அடுத்த மர்பி டவுனில் ஒருவர் பேசும் தமிழைச் சற்றுநேரம் கேட்டால், அவருடைய அண்டை வீட்டார் எம்மொழியினர் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். கன்னடச் சொல்லோ உருது விளியோ காட்டிக்கொடுத்துவிடும். ஊகம் பிழைப்பதும் உண்டு. அண்டை வீட்டிலிருந்து தொற்றியதாகத் தோன்றும் ஓர் ஒலி, வட ஆர்க்காட்டிலிருந்து குடிபெயர்ந்த பாட்டியிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். இதே வகைப் பிழை 1980களின் தொடக்கத்தில் சியோலைட் ஆய்வில் நேர்ந்தது.

சியோலைட் நுண்துளைகள் நிறைந்த ஒரு படிகம். பார்வைக்கு வெறும் வெள்ளைப் பொடி. 2021 கோடையில் இந்நகரம் ஆக்சிஜனுக்காகத் தவித்தபோது, தேஜஸ் விமானிகளுக்கென இங்குள்ள டெபெல் ஆய்வகம் உருவாக்கியிருந்த நுட்பத்தைக் கொண்டே நிமிடத்துக்கு 1000 லிட்டர் தரும் மருத்துவ ஆக்சிஜன் ஆலைகள் எழுந்தன. அவற்றின் உள்ளே இருப்பது சியோலைட்தான். அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடுகிறது.

பிடிப்பவை துளைகளுக்குள் அமர்ந்திருக்கும் சோடியம், லித்தியம் போன்ற அயனிகள். சட்டகத்தில் சிலிக்கான் இருக்கவேண்டிய இடத்தில் அலுமினியம் அமரும்போதெல்லாம் ஓர் எதிர்மின்சுமை கூடுகிறது; அதை ஈடுசெய்யவே அயனி வருகிறது. ஆகவே அலுமினியம் எங்கே குடியிருக்கிறது என்பதே முதற்கேள்வி. எக்ஸ் கதிருக்கோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: சிலிக்கானுக்கு 14 எலெக்ட்ரான்கள், அலுமினியத்துக்கு 13.

இங்குதான் திடநிலை அணுக்கரு காந்த ஒத்ததிர்வு கைகொடுத்தது. திடப்பொருளில் சாதாரணமாக அகன்று குழம்பும் கோடுகள், மாதிரியைக் காந்தப்புலத்துக்கு 54.7 பாகைச் சாய்வில் நொடிக்குப் பல்லாயிரம் முறை சுழற்றும்போது கூர்மையடைகின்றன. ஆண்ட்ரூ 1958இலும் லோவ் 1959இலும் கண்ட வழி இது. 1980இல் எஸ்தோனியாவின் தாலினில் லிப்மா குழுவினர் இவ்வாறு சிலிக்கான்-29ஐ அளந்து, சிலிக்கானின் கோடு அதன் அண்டை அணுக்களைப் பொறுத்து இடம் மாறுவதைக் காட்டினர். நான்கு அண்டைகளில் அலுமினியம் ஒன்றுகூட இல்லாததிலிருந்து நான்குமே அலுமினியமாக இருப்பது வரை ஐந்து நிலைகள், ஐந்து கோடுகள். சொல்லின் முதலில் வல்லினமாய் ஒலிக்கும் பகரம் மெல்லினத்தின் பின் குரலொலியாவதைப் போல, ஒரே சிலிக்கான் சூழலுக்கேற்ப வேறு குரலில் பேசுகிறது.

சியோலைட் ஏ மட்டும் முரண்டு பிடித்தது. சிலிக்கானும் அலுமினியமும் சம அளவில் உள்ள அது, மைனஸ் 89 பிபிஎம் அருகே ஒற்றைக் கோடு தந்தது. அன்றைய அட்டவணைப்படி அதன் பொருள், ஒவ்வொரு சிலிக்கானுக்கும் மூன்று அலுமினிய அண்டைகள். அப்படியானால் அலுமினியமும் அலுமினியமும் அடுத்தடுத்து அமர வேண்டும். 1954இல் லோவன்ஸ்டைன் வகுத்த விதியோ அதைத் தடுக்கிறது. கேம்பிரிட்ஜில் ஜான் மெயூரிக் தாமஸ் முதலானோர் விதியை ஐயுற்று, கோட்டை நம்பினர். துணிச்சலான முடிவுதான், கருவி புதிது, விதி பழையது.

தவறு விதியில் இல்லை, அட்டவணையில் இருந்தது. சியோலைட் ஏயின் அதே சட்டகமும் கூடுதல் சிலிக்கானும் கொண்ட இசட்கே-4 ஐந்து கோடுகளையும் காட்டியது. அவற்றை வரிசையாக எண்ணினால் மைனஸ் 89 நான்கு அலுமினிய அண்டைகளுக்கே உரியது. 1982இல் மெல்கியோர் குழுவினர் நேச்சரில் இதை வெளியிட்டனர். தாமஸ் குழுவும் அதே ஆண்டில் தன் முடிவைத் திருத்திக்கொண்டது.

அப்படியானால் கோட்டை நகர்த்தியது எது? அண்டையாரின் எண்ணிக்கை மட்டுமன்று. அவர்களை இணைக்கும் ஆக்சிஜன் பாலம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதும்கூட. ஆக்சிஜன் ஆலைகளுக்கு உறவான ஃபாஜசைட் வகையின் அணு ஒழுங்கை 1981இல் ஆராய்ந்த எஸ். ராம்தாஸ், 1984இல் கிளினோவ்ஸ்கியுடன் சேர்ந்து அந்தக் கோணத்துக்கும் கோட்டின் இடத்துக்குமான எளிய தொடர்பை நேச்சரில் எழுதினார். அலுமினியமே இல்லாத சட்டகத்திலும் பல கோடுகள் தோன்றுவது ஏன் என்ற கேள்விக்கு விடை அதில் இருந்தது.