டோக்கியோவில் ஆறு பாய் அறை

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஜூடோ பயிற்சிக்கு ஜப்பான் போகிறாள் என்றதும் உத்திரமேரூரில் எங்கள் தெருவே கூடிவிட்டது. "பொம்பளைப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பி எங்கம்மா தங்க வைப்பே?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நியாயமான கேள்விதான். துணைக்கு நானும் போய் மூன்று வாரம் இருந்து வந்தேன். சகோதரிகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

ஜூடோவின் தாய்வீடு டோக்கியோவிலுள்ள கோடோகான். ஜிகோரோ கானோ என்பவர் 1882-ல் ஒரு புத்தர் கோயிலில் பன்னிரண்டே பாய் போட்டுத் தொடங்கினாராம். இன்று பெரிய கூடத்தில் மட்டும் 420 பாய்கள்! பெண்களுக்கு 1926-லேயே தனிப் பிரிவு வந்துவிட்டது. முதல் பாடமே அடிபடாமல் விழுவது எப்படி என்பதுதான். அதைப் பார்த்த பிறகே எனக்குப் பாதி பயம் போயிற்று.

பாய் என்றால் நம் கோரைப்பாய் போல் சுருட்டுவதல்ல. வைக்கோலை இறுக்கித் தைத்து, மேலே கோரை போர்த்தியது. ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. தங்கும் அறையையும் பாய்க் கணக்கில்தான் சொல்கிறார்கள். எங்களுடையது ஆறு பாய் அறை, சுமார் பத்துக்குப் பத்து. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். காலையில் மெத்தையை மடித்து அலமாரியில் வைத்தால் அறை விசாலமாகிவிடும். நமக்கு இதெல்லாம் புதிதா என்ன?

விசா மனுவிலேயே எந்தத் தேதியில் எங்கே தங்குகிறோம் என்று முகவரியோடு கேட்கிறார்கள். ஆகவே தேவைப்பட்டால் ரத்து செய்யக்கூடிய அறையாக முதலிலேயே பதிவு செய்யுங்கள். பல விடுதிகளில் வாடகை அறைக்கல்ல, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு, கேட்டுக்கொள்வது நல்லது. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம், ஆகஸ்ட் நடுவில் அங்கே விடுமுறைக் கூட்டம். வாடகை ஏறிவிடும்.

பயிற்சிக் கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை பாருங்கள். விழுந்து புரண்டு களைத்த பிள்ளை இரவில் ரயில் மாறி வர வேண்டாம். ஜூடோ உடை கெட்டிப் பருத்தி. வியர்வையில் நனைந்தால் கனக்கும். காசு போட்டுத் துவைக்கும் மிஷின் விடுதியிலோ அருகிலோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சின்ன அடுப்பங்கரை உள்ள அறையாக எடுப்பது உத்தமம். அங்கே காய்கறி சூப்பில்கூட மீன் சாறு சேர்ந்திருக்கும். நம்மூர் மின்சாரக் குக்கரைத் தூக்கிப் போகாதீர்கள். அங்கே 100 வோல்ட்தான். அரிசி அங்கேயே கிடைக்கும், கொஞ்சம் ஒட்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் போதும். பச்சைக் கறிவேப்பிலையை இங்கிருந்து எடுத்துப் போகாதீர்கள். செடிகொடி, இலைகளுக்கு அங்கே கட்டுப்பாடு அதிகம்.

பெண் தனியாகப் போகிறாளா? பெண்களுக்கு மட்டுமான அறைகள் உள்ள விடுதிகளும் உண்டு. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, வட்டாரமும் எண்ணும்தான். விடுதி முகவரியை ஜப்பானிய எழுத்திலேயே ஒரு சீட்டில் வாங்கி, அவள் பர்சில் வைத்து அனுப்புங்கள்.