மைதானத்துக்கு என்ன வாடகை?

பூங்காவிலோ ஊர் மைதானத்திலோ ஒரு பெரிய கச்சேரி நடந்தால் மாநகராட்சியோ ஊராட்சியோ எவ்வளவு வாங்கலாம்? கேட்டால் கணக்குப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் தொகைக்குப் போவதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. காசு கொடுப்பது யார், இடத்தை இழப்பது யார்?

பந்தல்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் போகும் ரோட்டில் இருக்கிற கரிசல் ஊர். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பங்குனி, சித்திரையில் பொங்கல் சாட்டினால் ஊர்ப் பொட்டலில் மேடை ஏறிவிடும். ராத்திரி பாட்டுக் கச்சேரி, இல்லாவிட்டால் கரகாட்டம், வள்ளி திருமண நாடகம். பொட்டல் என்றதும் சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். மாசி, பங்குனி என்பது வத்தல் காயப் போடுகிற காலம், மல்லி அடிக்கிற காலம். சாயங்காலமானால் பையன்களுக்குக் கபடி, கிரிக்கெட். மேடை வந்தால் இதெல்லாம் நாலு நாளைக்கு ஒதுங்கிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஊராட்சி வாடகை கேட்டால் ஊரே சிரிக்கும். சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத்தான் பாட்டுக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். வத்தலை அள்ளி ஓரமாகக் குவித்தவர், வரி கொடுத்தவர், முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் எல்லாம் ஒரே ஆள். அவரிடம் அவருடைய பொட்டலுக்கே வாடகை வாங்குவது என்ன கணக்கு? (மறுநாள் பேப்பர் கப்பையும் பாட்டிலையும் பொறுக்குகிற தூய்மைக் காவலர் மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்குக் கூடுதல் கூலி கொடுத்தீர்களா என்று எந்த விழாக் கமிட்டியையும் யாரும் கேட்பதில்லை.)

டிக்கெட் கச்சேரியில் இந்த மூன்று பேரும் மூன்று வெவ்வேறு ஆட்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2024 அக்டோபர் 26, 27-ல் டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் தில்ஜித் தோசாஞ்சின் கச்சேரி நடந்தது. இரண்டு ராத்திரி, அவ்வளவுதான். முடிந்ததும் அங்கே பயிற்சி எடுக்கிற ஓட்ட வீரர் ஒருவர் வீடியோ போட்டார். ஓடுபாதையில் குப்பை, பாட்டில்கள், உடைந்து கிடக்கும் தடை தாண்டும் சட்டங்கள். இடத்தை இருந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என இந்திய விளையாட்டு ஆணையம் பதில் சொன்னது, பிறகு சுத்தமும் செய்யப்பட்டது. சரி. ஆனால் அந்த வீரருக்குப் போன பயிற்சி நாட்கள் எந்த ரசீதில் ஏறும்? அவர் டிக்கெட் வாங்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை.

பெரும்பாலும் ஆட்கள் 'ஒரு நாள் கச்சேரி' என்றுதான் பேசுவார்கள். மேடைக்கு இரும்பு ஏற்றி வருகிற லாரி, தகர வேலி, ஜெனரேட்டர், கழிப்பறை வண்டி இதெல்லாம் ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போகிற சாமான் இல்லையே. லண்டனில் இந்த விஷயம் கோர்ட் வரைக்கும் போனது. தெற்கு லண்டனில் ப்ராக்வெல் பூங்காவை லாம்பெத் கவுன்சில் கோடைக்கால இசை விழாக்களுக்குக் கொடுக்கிறது. அனுமதி கேட்காமல் ஒரு நிலத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்த அங்கே ஆண்டுக்கு 28 நாள்தான் வரம்பு. வேலி போடுவது, பிரிப்பது எல்லாம் சேர்த்தால் 37 நாள் ஆகிறது என்று குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் கவுன்சிலின் முடிவு செல்லாது என்றது. விழாக்கள் என்னவோ நடந்துவிட்டன. ஆனால் நாளை எப்படி எண்ணுவது என்பதற்கு அந்த வழக்கு நல்ல பாடம். வேலி ஏறிய நாளிலிருந்து வேலி இறங்கிய நாள் வரை எண்ண வேண்டும்.

கவுன்சில் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அதே பூங்காவில் லாம்பெத் கன்ட்ரி ஷோ என்று இலவசத் திருவிழா ஒன்று நடக்கும். டிக்கெட் விழாக்களின் பணமும் மேடையும்தான் அதைத் தாங்குகின்றன என்கிறார்கள். பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அதற்காக இருக்கிற பூங்காவில் வருஷத்தில் ஒரு மாதம் நாய் கூட நடக்க முடியாமல் போனால், கட்டணம் குறைவு என்றுதான் அர்த்தம். கட்டணம் கூடினால் குறைந்த நாளிலேயே அந்தப் பணம் வந்துவிடும். மும்பை சிவாஜி பூங்காவில் இதை வேறு மாதிரி கட்டினார்கள். விளையாட்டு அல்லாத நிகழ்ச்சிகளுக்கு ஆண்டில் 45 நாள்தான். காசு எவ்வளவு கொடுத்தாலும் 46-வது நாள் கிடையாது.

'இவ்வளவு வரி கட்டுகிறோமே, இன்னும் என்ன கட்டணம்?' என்று கச்சேரி நடத்துகிறவர்கள் கேட்பார்கள். 500 ரூபாய்க்கு மேல் டிக்கெட் என்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, உண்மைதான். ஆனால் அது மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் போகிறது. மைதானத்தைக் கூட்டுகிற மாநகராட்சிக்கு நேராக வருவதில்லை. இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி, 2016-ல் ஜிஎஸ்டிக்காக அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது கேளிக்கை வரி போடும் உரிமையை ஊராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளுக்கு மட்டும் விட்டு வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2017-லேயே அதற்குத் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆக, உள்ளாட்சிக்குக் கையில் அதிகாரம் இல்லை என்று சொல்ல வழியில்லை.

கட்டணத்தை ஏற்றினால் சின்னக் கலைஞர்கள் பாவம் இல்லையா? அவர்களிடம் ஏன் ஏற்ற வேண்டும்? 50 ரூபாய் டிக்கெட்டும் 5,000 ரூபாய் டிக்கெட்டும் ஒரே மைதானத்தில் ஒரே வாடகை கொடுப்பதுதான் அநியாயம். டிக்கெட் விலைக்குத் தகுந்த பங்கு, வேலி நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம், புல்லும் மண்ணும் பழையபடி ஆகிற வரைக்கும் திருப்பித் தராத டெபாசிட். அந்த டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கையெழுத்துப் போடுகிற ஆள், ஆபீஸில் உட்கார்ந்திருப்பவராக இல்லாமல் தினமும் காலையில் அங்கே ஓடுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது.