ஆற்றலும் இணைப்பும்

ஆற்றலைப் பெறுவது அரிது. பெற்ற ஆற்றலைப் பயன்படும் இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது அதனினும் அரிது. இவ்வுண்மையை நான் ஏட்டில் கற்றேன் அல்லேன். என் வீட்டின் பின்புறக் கொட்டகையில், எண்ணெய்க் கறை படிந்த தரையில் அமர்ந்து, என் மகனிடம் கற்றேன். அப்போது எனக்கு வயது அறுபத்து நான்கு.

நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இளமையில் புலவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நிகண்டும் நன்னூலும் பாடம் கேட்டவன். சொல்லைப் பிரிக்கவும் சேர்க்கவும் அறிவதே அறிவு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இரும்பைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் அத்தகைய அறிவு உண்டு என்பதை உணர எனக்கு முதுமை வரவேண்டியிருந்தது.

எங்கள் ஊர் கோயம்புத்தூர். நூற்பாலைகளும் வார்ப்படச் சாலைகளும் பம்புசெட்டுத் தொழிற்கூடங்களும் பெருகி வளர்ந்த ஊர் அது. அங்கு வாழ்ந்த தொழில் மேதை ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார்; அதை வாங்குவதற்காகவே உணவகத்தில் பணிசெய்து பொருள் சேர்த்தார்; வாங்கிய வண்டியைப் பிரித்தும் பூட்டியும் அதன் நுட்பத்தைத் தாமே கற்றார். இவ்வரலாற்றை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சுவைபடக் கூறுவது வழக்கம்.

ஆனால், பத்தாம் வகுப்பில் பயின்ற என் மகன் ஒரு மாலைப்பொழுதில் என் மிதிவண்டியின் பின்சக்கரத்தைப் பிரித்து, அதன் இரும்புக் குண்டுகளை ஒரு கிண்ணத்தில் இட்டு வைத்திருக்கக் கண்டபோது நான் சினந்தேன். அவ்வாண்டு அரையாண்டுத் தேர்வில் அவன் இலக்கண வினாக்களுக்குச் சரியாக விடை எழுதவில்லை. அதையும் இதையும் கூட்டி, உறவினர் பலர் கேட்க, "இவன் தலையில் எழுத்து ஏறாது, இரும்புதான் ஏறும்" என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. சக்கரத்தைப் பூட்டி நிறுத்திவிட்டு உள்ளே சென்றான். அன்றுமுதல் எங்களிடையே பேச்சுக் குறைந்தது. கேட்டால் விடை உண்டு, அதற்குமேல் இல்லை.

பின்னர் அவன் பாலிடெக்னிக்கில் பயின்று, பம்பு செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் பணியில் அமர்ந்தான். சில ஆண்டுகள் சென்றபின் பழைய சிறு கார் ஒன்றை வாங்கினான். அது சாலையில் செல்வதற்கு அன்று. பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்கு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக ஒரு வண்டியை மாற்றியமைத்தல் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. ஆதலின் அவன் அவ்வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை. லாரியில் ஏற்றியே தளத்திற்குக் கொண்டுசெல்வான். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் தளம் உள்ளது. பந்தய வண்டிகளை அமைப்பதில் வல்லவராய் விளங்கி 1995-இல் மறைந்த எஸ். கரிவரதன் பெயரால் அமைந்தது அது. 2005-இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே.

என் மகன் முதலில் எஞ்சினுக்கு வலிமை ஊட்டினான். டர்போ என்னும் கருவியை அதில் பொருத்தினான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவது அது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், விசையும் மிகும். முன்பு 110 நியூட்டன் மீட்டராக இருந்த முறுக்கு விசை 150 ஆயிற்று. அவன் மகிழ்ச்சியோடு தளத்திற்குச் சென்றான். மாலையில் முகம் வாடித் திரும்பினான். வழக்கத்துக்கு மாறாக நானே அருகிற் சென்று, "என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

"எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது அப்பா. அந்த வேகம் சக்கரத்திற்குப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது" என்றான்.

தை மாதம் பிறந்தது. பொங்கல் விடுமுறையில் வீட்டிலேயே அக்குறையைத் தீர்க்க அவன் முடிவு செய்தான். துணைக்கு வருவதாக இருந்த நண்பர் ஊருக்குச் சென்றுவிட்டார். அவன் சற்றுத் தயங்கி, "அப்பா, விளக்குப் பிடிக்க முடியுமா?" என்றான். பல ஆண்டுகளில் அவன் என்னிடம் வேண்டிய முதல் உதவி அது. நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொட்டகைக்குச் சென்றேன்.

வேலை தொடங்குமுன் அவன் காட்டிய எச்சரிக்கை என்னை வியப்பில் ஆழ்த்தியது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை முட்டுக் கொடுத்தான். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றினான். ஜாக்கியால் வண்டியைத் தூக்கியபின், அதன் அடியில் உறுதியான இரும்புத் தாங்கிகளை நிறுத்தினான். "ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான் அப்பா. அதை நம்பி ஒருவரும் வண்டிக்கடியில் போகக்கூடாது" என்றான். கியர் பெட்டியின் எண்ணெயை வடித்து, சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகளை உருவி, கனத்த அப்பெட்டியைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கினான். மறைந்திருந்த பகுதி வெளிப்பட்டது.

அங்குதான் கிளட்ச் இருந்தது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த வட்டம் ஒன்று. அதற்கு ஃபிளைவீல் என்று பெயர். கியர் பெட்டிக்குள் நுழையும் தண்டில் கோத்த தட்டு ஒன்று. அது கிளட்ச் பிளேட். வில்லின் வலிமையால் தட்டை வட்டத்தோடு அழுத்தும் மூடி ஒன்று. அது பிரஷர் பிளேட். அழுத்தம் இருக்கும்வரை தட்டும் வட்டமும் ஒன்றாய்ச் சுழலும். காலால் மிதித்தால் அழுத்தம் நீங்கி இரண்டும் பிரியும். பழைய வில் 110 என்னும் விசைக்கு ஏற்ப அமைந்தது. 150 வந்தபோது அதனால் பற்ற இயலவில்லை. தட்டு வழுக்கி, சூடேறிக் கருகியிருந்தது.

"எஞ்சினிலிருந்து வரும் விசை முதல் கியரில் மூன்றரை மடங்காகும், அடுத்து இறுதிப் பற்சக்கரத்தில் நான்கு மடங்காகும். 150-ஐப் பதினான்கால் பெருக்குங்கள். 2100 நியூட்டன் மீட்டர். உராய்வில் இழப்பது போக மற்றது சக்கரத்தை அடையும். எஞ்சினை மட்டும் பெரிதாக்கிவிட்டு, இடையில் உள்ளவற்றை மறந்தது என் தவறு" என்றான்.

"அப்படியானால், இருப்பதிலேயே மிக இறுக்கமாகப் பற்றும் தட்டை வாங்கிவிடலாமே?" என்றேன்.

அவன் சிரித்தான். "மிகக் கடுமையாகப் பற்றினாலும் குற்றமே. உலோகத் துகளால் செய்த தட்டுகள் சட்டென்று கவ்வும். அந்த அதிர்ச்சியில் கியரின் பல் உடையலாம், தண்டு முறியலாம். சுழல்வது ஒன்று, நிற்பது ஒன்று. இரண்டையும் சேர்க்கும்போது தொடக்கத்தில் சிறிது வழுக்கத்தான் வேண்டும். இரண்டின் வேகமும் ஒத்த பிறகு வழுக்கவே கூடாது. அதனால் மென்மையாகச் சேர்ந்து, உறுதியாகப் பற்றும் தட்டைத் தேர்ந்தெடுத்தேன்" என்றான்.

இதைக் கேட்டபோது என் நெஞ்சில் இலக்கணம் ஒன்று எழுந்தது. 'மணி' என்பதும் 'அழகு' என்பதும் அடுத்தடுத்து வந்தால், உயிர் எழுத்துகள் இரண்டும் தாமே இணைவதில்லை. யகரம் ஒன்று இடையே தோன்றி 'மணியழகு' என்று சேர்த்து வைக்கிறது. 'பூ' என்பதும் 'அழகு' என்பதும் வந்தால் வகரம் தோன்றிப் 'பூவழகு' ஆகிறது. இதனை உடம்படுமெய் என்பர். உடம்படாதவற்றை உடம்படச் செய்யும் மெய் என்பது பொருள். மகனிடம் இதைக் கூறினேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அப்படியானால் கிளட்ச்தான் உடம்படுமெய்யா அப்பா? அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமே" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை, இயல்பாகவே சொன்னான். ஆயினும் அச்சொல் என்னைத் தைத்தது.

மறுநாள் டிஃபரன்ஷியல் என்னும் பகுதியை மாற்றினான். மாட்டு வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் நீண்ட வழியும் உட்சக்கரம் குறுகிய வழியும் செல்லும். இரண்டும் இருசில் தனித்தனியே சுழல்வதால் அங்குத் தொல்லை இல்லை. காரிலோ எஞ்சின் இரு சக்கரங்களையும் சுழற்ற வேண்டும். வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் இடம்தர வேண்டும். இதற்கான பற்சக்கர அமைப்பை நீராவி வண்டிக்கென 1820-களின் இறுதியில் அமைத்தவர் பெக்கூர் என்னும் பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர்.

அவ்வமைப்பில் ஒரு குறை உண்டு. அது இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு விசையையே தரும். ஒரு சக்கரம் பிடிப்பிழந்து வீணே சுழன்றால், அதைச் சுழற்றச் சிறு விசையே போதும். தரையைப் பற்றி நிற்கும் மற்றொன்றுக்கும் அச்சிறு விசையே கிட்டும். ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தய வண்டிகளில் இத்தொல்லை நேர்ந்தபோது, 1935-இல் போர்ஷே என்னும் பொறியாளர் அதனைத் தடுக்கும் அமைப்பைச் செய்வித்தார். அவ்வகையைச் சேர்ந்த ஒன்றையே என் மகன் வாங்கியிருந்தான். பேரிங்குகளை அழுத்திப் பொருத்துவதற்கு மட்டும் தெரிந்த பட்டறைக்குச் சென்றுவந்தான்; எஞ்சியவற்றை வீட்டிலேயே முடித்தான். விளக்கைப் பிடித்தபடி நான் என் வகுப்பறையை நினைத்தேன். விரைந்து விடை கூறும் மாணவரிடமே என் உழைப்பெல்லாம் சென்றது. கடைசி இருக்கையில் அமைதியாய் அமர்ந்து, தரையைப் பற்றி நின்றவர்களுக்கு நான் என்ன கொடுத்தேன்?

மூன்றாம் நாள் பூட்டும் வேலை. புதிய கிளட்ச் பிளேட்டை என் கையில் கொடுத்து, "ஓரத்தை மட்டும் பிடியுங்கள் அப்பா. முகப்பில் எண்ணெய் படக்கூடாது" என்றான். அது கைநழுவப் பார்த்தது. பதறிய நான் கிரீசு படிந்த விரல்களால் அதன் முகப்பை இறுகப் பற்றிவிட்டேன். அவன் வண்டிக்கடியில் இருந்தான், காணவில்லை. சொல்லாது விட்டால் பூட்டியபின் யாருக்கும் தெரியாது. ஆனால் தளத்தில் மீண்டும் வழுக்கும். கணநேரம் நாணம் என் வாயை அடைத்தது. பிறகு, "கண்ணு, நான் கெடுத்துவிட்டேன்" என்றேன்.

அவன் வெளியே வந்து தட்டை வாங்கிப் பார்த்தான். நான் அன்று அவனிடம் சினந்ததுபோல் அவன் சினந்திருக்கலாம். அவனோ, "ஆழமாக இறங்கவில்லை அப்பா. உடனே சொன்னீர்கள், அதுவே நல்லது. முதல் தட்டில் நானும் இதைச் செய்தேன்" என்று கூறி, பிரேக் துடைக்கும் திரவத்தால் துடைத்து, நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தான். பின்னர் அத்தட்டை மீண்டும் என் கையிலேயே கொடுத்தான். கெடுத்தவன் கையில் நம்பி மீண்டும் கொடுப்பதே கற்பித்தலின் உச்சி என்பதை அப்போது அறிந்தேன்.

"அன்று உறவினர் முன் உன்னை இகழ்ந்து பேசினேன். அது தவறு" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. "ஒரு முனையைப் பிடியுங்கள் அப்பா" என்றான். தட்டைச் சரியாக நடுவில் நிறுத்துவதற்குரிய கோலைச் செருகினோம். மூடியின் போல்ட்டுகளை ஒரு பக்கமாக இறுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினான். குறித்த அளவு எட்டியதும் ஒலி எழுப்பும் டார்க் ரெஞ்சை என்னிடம் தந்து, கடைசிப் போல்ட்டை என்னையே இறுக்கச் சொன்னான்.

அடுத்த வாரம் தளத்திற்கு என்னையும் அழைத்துச் சென்றான். புதிய தட்டு படிந்து பொருந்தும்வரை முதற் சுற்றுகளை மெதுவாக ஓட்டினான். பின்னர் வேகம் கூட்டினான். வேலியோரம் நின்று காது கொடுத்தேன். எஞ்சினின் ஒலி உயர உயர வண்டியும் விரைந்தது. ஒலி வேறு ஓட்டம் வேறு என்று இல்லை. வீட்டிற்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் ஏட்டில் வல்லவர். சிலர் கைத்தொழிலில் வல்லவர். இரண்டையும் உயர்வு தாழ்வு என்று பிரிக்காதீர்கள். இயந்திரத்தில் கை வைக்க விரும்பினால், தெரிந்தவர் துணையோடு, காப்புகளை முறையாகச் செய்தபின் தொடுங்கள். வேகத்தைச் சாலையில் காட்டாதீர்கள். எவ்வளவு ஆற்றல் பெருகினும், அதனைப் பிறரோடு இணைக்கும் பண்பு இல்லையாயின் அது வெற்று ஒலியாய் முடியும். அவ்விணைப்பு மென்மையாய்த் தொடங்கி உறுதியாய் நிலைக்க வேண்டும்.