தொண்டேச்சரம் தேடிப் போன வழி

அம்மாவுக்குக் கதிர்காமத்தில் ஒரு நேர்த்தி இருந்தது. 2009 ஆம் ஆண்டு தம்பியை நாங்கள் தவறவிட்ட அன்று வைத்த நேர்த்தி. "அவன் வந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வந்து தேங்காய் உடைக்கிறன்" என்று முருகனுக்குச் சொல்லியிருந்தா. தம்பி வரவில்லை. அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. "இனி நான் தனியப் போய் அவரைக் கேக்கிறன்" என்று ஒருநாள் சொன்னபோது எங்களால் மறுக்க முடியவில்லை.

பாடசாலை விடுமுறையில் புறப்பட்டோம். அம்மா, நான், என் இரண்டு பிள்ளைகள், அக்கா, அத்தான் என ஆறு பேர். வாடகைக்கு ஒரு வான். முல்லைத்தீவிலிருந்து கிழக்குக் கரை வழியாகவும் கதிர்காமம் போகலாம். ஆனால் உயர்தரத்தில் வரலாறு படிக்கும் மகள் விடவில்லை. "கொழும்பு நூதனசாலையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கு. அதைப் பார்த்துவிட்டுத் தெற்கால போவம் அம்மம்மா" என்றாள். பேத்தி கேட்டால் அம்மம்மா மறுப்பாவா?

அந்தக் கல்லின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனாவில் பொறிக்கப்பட்டு, செங் ஹ என்ற கடற்படைத் தளபதியால் காலிக்குக் கொண்டுவரப்பட்ட கல் அது. 1911 இல் காலியில் ஒரு மதகை மூடிக் கிடந்தபோது ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தபிரானுக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு, தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கு. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் காணிக்கை. எழுத்துகள் தேய்ந்துவிட்டன. மகள் ஓரிரு சொற்களை எழுத்துக்கூட்ட, அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தா. "உந்தக் கோயில் இப்ப எங்கை இருக்கு?" என்று கேட்டா. "நாங்கள் போற வழியிலதான்" என்றேன்.

வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் விடியற்காலை காலி வீதியில் இறங்கினோம். விரைவாகப் போவதென்றால் அதிவேக நெடுஞ்சாலை இருக்கிறது. ஆனால் கரை வீதியில்தான் கடல் தெரியும். கடலுக்கும் வீதிக்கும் இடையே ரயில் பாதை, அதன் அருகே தென்னை, தும்புக்காக மட்டை ஊறப்போட்ட நீர்நிலைகள். வீட்டு வாசலில் பெண்கள் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். "எங்கட ஊரில செய்யிற மாதிரித்தான்" என்று அக்கா சொன்னா. அம்மா மட்டும் மணிக்கொரு தடவை, "எல்லாரும் அடையாள அட்டை எடுத்தனீங்களோ?" என்று கேட்டபடி வந்தா. அந்த வழியில் எங்களை யாரும் மறிக்கவில்லை. ஆனாலும் தேநீர்க் கடையில் இறங்கியபோது நாங்கள் குரலைத் தாழ்த்தித்தான் தமிழ் கதைத்தோம். பழகிய பயம் வானை விட்டு இறங்கினாலும் கூடவே இறங்குகிறது.

ஹிக்கடுவவுக்குச் சற்று முன்னே பேரலிய. 2004 டிசம்பர் 26 இல் கொழும்பிலிருந்து தெற்கு நோக்கி வந்த ரயில் இங்கேதான் கடலில் அகப்பட்டது. முதல் அலை வந்தபோது ரயில் நின்றுவிட, அதுதான் பாதுகாப்பு என்று ஊர்ச் சனங்களும் பெட்டிகளுக்குள் ஏறினார்கள். அடுத்த பேரலை பெட்டிகளைப் பாதையை விட்டே தூக்கி எறிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்மாவின் தங்கையையும் அவவின் இரண்டு பிள்ளைகளையும் அதே காலையில்தான் முல்லைத்தீவுக் கடல் கொண்டுபோனது.

நினைவுத்தூபியருகே எங்களைப் போலவே ஒரு வயதான சிங்கள அம்மா பூக்களுடன் நின்றா. மகள் பாடசாலையில் படித்த சிங்களத்தில் மெல்லக் கதைத்தாள். அந்த அம்மாவின் மகன் அந்த ரயிலில் வந்தவராம். என் அம்மா தன் நெஞ்சைத் தொட்டு "முல்லைத்தீவு, சுனாமி" என்றா. அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அந்த அம்மா தன் கையிலிருந்த பூக்களில் பாதியைக் கொடுத்தா.

வானில் ஏறியபின் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவவுக்குப் பூ வைக்க ஒரு இடம் இருக்கு. தங்கச்சிக்கு நான் ஊரில வைப்பன். தம்பிக்கு எங்கை வைக்கிறது?" என்று கேட்டா. எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல என்பது எனக்குத் தெரியும்.

காலிக் கோட்டையை நண்பகலில் அடைந்தோம். போர்த்துக்கேயர் தொடங்கி, 1640 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டிய கோட்டை. பழைய வாசலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் இருக்கின்றன. அந்தச் சின்னத்தின் மேல் ஒரு சேவல் நிற்பதைச் சின்னவன் கண்டுபிடித்துவிட்டான். "முருகன்ர கொடி!" என்று சத்தமாகத் தமிழில் கத்தினான். பயணத்தில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். யுனெஸ்கோ 1988 இல் இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சுனாமியில் வெளியே நகரம் அழிந்தபோதும் தடித்த மதில்கள் உள்ளே இருந்தவர்களைப் பெருமளவு காத்தனவாம். தேவாலயம், பள்ளிவாசல், வெளிச்சவீடு எல்லாம் சில நிமிட நடையில் இருக்கின்றன.

வெலிகமவில் பீரளு பின்னும் ஒரு பெண்ணின் வீட்டுத் திண்ணையில் இருந்தோம். பீரளு என்பது தலையணை போன்ற உருளையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ் வேலை. ஐரோப்பியர் காலத்தில் இந்தக் கரைக்கு வந்த கைத்தொழில். சங்கக் கடனில் தையல் மெசின் எடுத்துப் பிழைப்பவள் நான். அவ கைவேகத்தைப் பார்த்து வாய் பிளந்தேன். சுனாமி தன் கட்டைகளையும் பின்னல் மாதிரிகளையும் கொண்டுபோக, ஞாபகத்திலிருந்தே மாதிரிகளைத் திரும்பச் செய்தாவாம். சட்டைக் கழுத்துக்கு ஒரு முழம் வாங்கினேன். விலை விரல்களால் பேசப்பட்டது.

மாத்தறையைத் தாண்டி மாலையில் தெவிநுவர சேர்ந்தோம். கல்வெட்டில் கண்ட தென்னாவரை இதுதான். எங்கள் பெரியோர் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றாகச் சொல்லும் தொண்டேச்சரமும் இதுவே. 1344 இல் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா, இங்கே பொன்னாலான சிலையையும் ஆயிரம் அளவில் அந்தணரையும் கண்டதாக எழுதினார். 1588 இல் போர்த்துக்கேயர் அதை இடித்துக் கொள்ளையிட்டார்கள். அப்போது சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தான். அவனுடைய படையைத் திசைதிருப்பவே தென்கரை ஊர்களைத் தாக்கினார்கள். சண்டை கொழும்பில், அழிந்தது இங்குள்ள கோயில். போரின் வழக்கம் அன்றும் இதுதான்.

இப்போது அங்கே விகாரையும் விஷ்ணு தேவாலயமும் ஒரே வளவில் இருக்கின்றன. எங்கள் கோயிலைக் காணவில்லையே என்று அம்மா ஏங்குவா என நினைத்தேன். அவ பூத்தட்டு வாங்கி, சிங்களப் பெண்களோடு வரிசையில் நின்று கும்பிட்டா. "கல்லில பேர் இருக்குத்தானே. இருந்ததெண்டு ஆரும் இல்லையெண்ண ஏலாது" என்றா. தம்பியின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலை அறிக்கை, ஒரு படம் எல்லாவற்றையும் அவ ஏன் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறா என்பது எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது.

அடுத்த நாள் காலை மாணிக்க கங்கையில் குளித்து முருகன் சந்நிதிக்குப் போனோம். கதிர்காமத்தில் மூலத்தானத்தைத் திரை மறைத்திருக்கும். அந்தத் திரையின் முன் அம்மா நின்று என்ன கேட்டா என்று தெரியாது. நாங்களும் விசாரிக்கவில்லை. கொண்டுவந்த இரண்டு தேங்காயில் ஒன்றை மட்டும் உடைத்தா. "மற்றது அவன்ர" என்று பைக்குள் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தா. சாமியறையில் இருந்த அது முளைவிட்டது. கிணற்றடியில் நட்டிருக்கிறா.

சகோதரிகளே, செலவு பெரிதென்று தோன்றினால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வான் பிடியுங்கள். சிங்களம் கொஞ்சம் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். வீட்டில் காத்திருக்கும் முதியவர்களையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். போய்வந்ததால் எங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை. ஆனால் அம்மா இப்போது அந்தக் கேள்வியைச் சத்தமாகவே கேட்கிறா.